சிரிக்காத பிள்ளை

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தாய்மாருக்கு இரண்டு கவலைகள்தான் முன்னுக்கு நிற்கும். ஒன்று சாதாரண தரப் பரீட்சை. மற்றது கைத்தொலைபேசி. எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்கிறோம். இரவிலே யாரோடு கதைக்கிறாய் என்று பார்க்கிறோம். இன்றைக்கு வகுப்பில் யாரைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

ஒரு பிள்ளையின் ஊரையோ, சாதியையோ, மதத்தையோ வைத்து ஒருவன் ஒரு பட்டப்பெயர் சொல்லுவான். பக்கத்து வாங்கில் நாலுபேர் சிரிப்பார்கள். அந்த நாலுபேரும் சிரிக்காமல் இருந்திருந்தால் பெயர் அன்றைக்கே செத்திருக்கும். சிரித்தபடியால் அது பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பிள்ளையோடு கூடவே வரும்.

எங்களுக்கு நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 இல் கொழும்பிலிருந்து சனம் கப்பலேறி வந்தது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் 1990 ஒக்டோபர் 30 என்றால் என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளை விழிக்கும்.

அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்து, ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் வீடும் கடையும் விட்டுவிட்டு, கைக்குழந்தைகளோடு பெண்கள் போனார்கள். அந்த ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அநேகர் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இதைப் பிழை என்று ஒப்புக்கொண்டார். 2009 இற்குப் பிறகு சில குடும்பங்கள் சோனகத்தெருப் பக்கம் திரும்பி வந்தன, பலர் வரவேயில்லை.

இதைச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும். "அப்ப எங்கட ஆக்கள் என்னம்மா செய்தவை?" மழுப்பாதீர்கள். அழுதவர்கள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இருந்தார்கள். வாய் திறந்தால் உயிருக்கு ஆபத்தான காலம் அது; அதையும் சேர்த்தே சொல்லுங்கள். "கிழக்கில தமிழருக்கு அவை செய்ததோ?" என்று வீட்டில் ஒரு பெரியவர் குறுக்கே கேட்பார். கிழக்கிலே தமிழருக்கும் நடந்தது, முஸ்லிம்களுக்கும் நடந்தது. அதில் எதையும் சோனகத்தெருவில் படித்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளை செய்யவில்லை. இந்த ஒரு வசனத்தைப் பிள்ளை விளங்கிக்கொண்டால், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கைத்தொலைபேசியில் சுற்றியதைப் போன்ற செய்தி இன்னொருமுறை வரும்போது, அதை அனுப்ப முதல் அதன் விரல் கொஞ்சம் தயங்கும்.

எழும்பிச் சண்டை பிடி என்று பிள்ளைக்குச் சொல்லச் சொல்லவில்லை. அடிவாங்கிக்கொண்டு வருவதில் லாபமில்லை. சிரிக்காமல் இருக்கலாம். "விடடா, அப்பிடிச் சொல்லாத" என்று சாதாரணக் குரலில் சொல்லலாம். அதற்கும் துணிவு வராவிட்டால் இடைவேளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்து சாப்பிடலாம். மிஞ்சிப் போனால் நம்பிக்கையான ஒரு ரீச்சரிடம் சொல்லலாம். அது கோள் சொல்வதல்ல. இந்த வார்த்தைகளை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். தேவைப்படும் நேரத்தில் புதிதாகத் தேடினால் நாக்கு வராது.

இளம் வயதினரால் என்ன செய்ய முடியும் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் கதையைப் படிக்க வேண்டும். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கியது அது. முன்னின்ற ஹண்டி பேரின்பநாயகத்துக்கு அப்போது வயது இருபத்தைந்து. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்திய காலத்தில், எல்லோருக்கும் ஒரே வாங்கு, ஒரே பந்தி என்று இவர்கள் நின்றார்கள். சம ஆசனம் அரசாங்க உத்தரவாக வந்தபோது ஊர்ப் பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள், பள்ளிக்கூடங்கள்கூட எரிக்கப்பட்டன. இருந்தும் வாங்கு வந்தது. எங்கள் பேத்திமார் அதில் இருந்துதான் படித்தார்கள்.

கிட்டடியிலும் ஒன்று உண்டு. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோது, 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிவரை நடந்த தமிழர் பேரணி அதை நிறுத்தும்படியும் கேட்டது. முஸ்லிம்களும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. உங்கள் பிள்ளை வடமராட்சி என்றால், பேரணி வந்து முடிந்த இடத்தைக் காட்டியே சொல்லலாம்.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். மகள் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். தேத்தண்ணி கொடுக்க முதலே, "பிள்ளை எந்தப் பக்கம்? ஆற்ற மகள்?" என்று கேட்கிறோம். எதற்காகக் கேட்கிறோம் என்று எங்களுக்கும் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியும். அந்தச் சிநேகிதி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவாள். மகள் அவளை இரண்டாந்தரம் கூட்டிக்கொண்டு வரமாட்டாள்.