அப்பாவின் துப்பாக்கி: சிலருக்குப் பரம்பரைச் சொத்து, சிலருக்கு வழக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பழகும் தம்பி ஒருவர் போன மாதம் எங்களைத் தேடி வந்தார். நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்தவர். அப்பா இறந்த பிறகு, கூரைக்கு அடியில் சாக்கில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்திருக்கிறார். கூடவே அப்பா பெயரில் ஒரு லைசென்ஸ் புத்தகம், காலாவதியானது. "அண்ணா, இதை வெச்சிருந்தா தப்பா, கொண்டுபோய்க் கொடுத்தா தப்பா?" என்று கேட்டார். பழைய வேட்டை ரைஃபிள், 'ஆன்டிக்', லட்சக்கணக்கில் போகும் என்று நண்பர்கள் வேறு ஆசை காட்டியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஆசையை முடித்துவிடுவோம். இது ரைஃபிளே அல்ல. ரைஃபிளின் குழாய்க்குள் திருகு வரிகள் இருக்கும். இதன் குழாய் வழுவழுப்பானது. முன்வாயில் கருமருந்து போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ரவையைப் போட்டு மறுபடி இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் அடுத்ததற்கு எல்லாம் முதலிலிருந்து. பழசு என்பதாலேயே சட்டம் இதை விட்டுவிடாது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45 ஆவது பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே. துருப்பிடித்தது போதாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

அப்படியானால் என்ன செய்வது? 21 ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: உரிமம் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

எழுதியவருக்கு இது எளிய வேலையாகத் தெரிந்திருக்கும். ஒரு நரிக்குறவ இளைஞன் கையில் துப்பாக்கியோடு காவல் நிலையப் படியேறுவதை நினைத்துப் பாருங்கள். அதுவும் எங்கள் பகுதியில். 1993 இல் பக்கத்து முதனை கிராமத்து ராஜாகண்ணு திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுக் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். 'ஜெய்பீம்' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அவர் குறவர், நரிக்குறவர் அல்ல. இரண்டும் வேறு வேறு சமூகம். அந்த வேறுபாட்டை லத்தி பார்ப்பதில்லை. அந்த வீட்டில் துப்பாக்கியை மறைத்து வைத்ததற்கு இந்தப் பயம்தான் காரணம், வேட்டை அல்ல. 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையை நம்பிப் பிழைக்க வழியில்லை, ஊசிமணி பாசிமணிதான்.

இதே சட்டம் குடகில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அங்கே கொடவர்களும் ஜம்மா நிலம் வைத்திருப்போரும் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் எடுக்கத் தேவையில்லை. வெள்ளையர் காலத்தில் கொடுத்த விலக்கு. ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை 2021 இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கைல்போல்து திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். கொடவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் பிறப்பையும் நிலத்தையும் பார்த்து ஒருவரின் துப்பாக்கியைப் பண்பாடு என்று ஏற்கும் அரசு, நிலமே இல்லாதவரின் துப்பாக்கியை ஏன் குற்றமாக மட்டும் பார்க்கிறது?

மாணவத் தோழர்கள் பலருக்குத் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறிந்தால், தேவை என்று கருதினால் அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம். ஆமாம், வழங்கலாம் என்றே இருக்கிறது. 2023 ஜனவரியில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நரிக்குறவர்களுக்கும் இனி இது பொருந்தும்.

இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சேரிக்குத் துப்பாக்கி வந்தால் முதலில் நம் பிள்ளைகள்தான் சிறைக்குப் போவார்கள் என்பது எங்களில் பலரின் எண்ணம். ஆனால் முதல் பகுதியில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 1968 இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த இரவில் துப்பாக்கி யார் பக்கம் இருந்தது? கூலி கேட்டவர்கள் பக்கம் அல்ல.

தம்பியின் விஷயத்துக்கு வருவோம். அதே 21 ஆவது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது: உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமும் ஒப்படைக்கலாம். வாரிசு விரும்பினால் 2016 ஆயுத விதிகளின்படி தன் பெயரில் உரிமம் கேட்கலாம். தம்பிக்கு அது வேண்டாமாம். வழக்கறிஞர் ஒருவரோடு அடுத்த வாரம் போகிறோம். ரசீது வாங்காமல் திரும்ப மாட்டோம். அம்மா மட்டும் லைசென்ஸ் புத்தகத்தைத் தர யோசிக்கிறார், அவர் கணவரின் போட்டோ அதில்தான் இருக்கிறது. ஜெராக்ஸும் அந்தப் பக்கத்தின் கலர் பிரிண்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு சாக்கு மூட்டை இருந்தால், யாரும் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வழியில் பிடித்தால் அதுவே வழக்கு. முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். இன்னொரு வேலை கல்லூரித் தோழர்களுக்கு: உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். விதி 3 இன் கீழ் இதுவரை எத்தனை ஆயுத உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன, எத்தனை பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழங்கப்பட்டன, எந்த எந்த ஆண்டில். மனுக் கட்டணம் 10 ரூபாய். கடலூருக்கு நாங்கள் போடுகிறோம்.