உயிர் பிழைச்சாச்சு... அப்புறம்?

திண்டிவனம்–விழுப்புரம் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் புதிதல்ல. விபத்தில் அடிபட்டவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கட்டும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-ல் வந்தது. ஆள் பிழைத்து வீடு திரும்புகிறார்.

அப்புறம்?

முதுகெலும்பு முறிந்தவர் எழுந்து உட்கார எத்தனை மாதம் ஆச்சு? படுக்கைப் புண் வந்ததா? செயற்கைக் கால் வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடக்கிறாரா, பரண் மேல் தூக்கிப் போட்டு விட்டாரா? கேட்பார் யார்?

கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் டாக்டர்கள்! ஆய்வுக் கட்டுரை எழுதாமல் அவர்களுக்குப் பட்டம் கிடையாது. ஆனால் வார்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதும் ஆய்வு, டிஸ்சார்ஜ் சீட்டோடு நின்று விடும்.

வேலூர் காட்டிய வழி

1954-ல் விபத்தில் சிக்கி இரண்டு கால்களும் செயலிழந்தவர் வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. நோயாளி வீட்டுக்குப் போய் எப்படி வாழப் போகிறார் என்பதுதான் இந்த வைத்தியத்தின் அடிப்படையே!

மூணு மாசம் போதுமா?

மேல்படிப்பு டாக்டர்கள் 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்பது இப்போது விதி. சென்னையில் மறுவாழ்வு மருத்துவம் படிப்பவர்களை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அனுப்பலாமே!

"மூணு மாசத்துல என்ன ஆராய்ச்சி பண்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருத்தரால் முடியாது. ஆனால் முதலில் வருபவர் ஒரு பதிவேடு தொடங்கட்டும். அடுத்து வருபவர் அதே நோயாளிகளைப் பார்க்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அவர்களோடு போனால் வழி தெரியும், வீடு தெரியும்.

இதற்குப் பெரிய மிஷின் வேண்டாம். நோயாளியின் சம்மதம், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒரு பதிவேடு போதும். எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் படுத்த படுக்கை என்று தெரிந்தால்தான் சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் சரியான வாசலுக்குப் போய்ச் சேரும்.

மூட்டை தூக்கியவரும் லாரி ஓட்டியவரும் மறுபடி வேலைக்குப் போனார்களா? டாக்டர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும். சுகாதாரத் துறை அதற்கு உத்தரவு போடட்டும்!