அறிவித்தல் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும்போது எங்கள் வீட்டில் எவரும் வாய்திறப்பதில்லை. அறிமுகமற்ற ஒருவரின் பெயராயினும் கேட்டு முடித்த பின்னரே அடுத்த வேலை. அறிவித்தல் என்ற சொல்லுக்கு அன்று அவ்வளவு மதிப்பிருந்தது.

இன்று என் கைத்தொலைபேசியில் அச்சொல் படும் பாட்டைப் பாருங்கள். புடைவைக் கடையின் மலிவு விற்பனையும் அறிவித்தல். உணவு கொண்டுவரும் செயலி ‘பசிக்கிறதா?’ என்று கேட்பதும் அறிவித்தல். கடந்த மாதம் பொறுமையிழந்து அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தினேன். நெடுநாள் நண்பர் ஒருவர் மறைந்த செய்தியும் அவற்றோடு நின்றுபோனது. இறுதிக்கிரியைகள் முடிந்த பின்னரே அறிந்தேன்.

“அனுமதி அளித்தவர் நீங்கள்தானே?” என்பார்கள் செயலிகளை உருவாக்குவோர். அந்த அனுமதி எவ்வாறு பெறப்பட்டது? ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால், அச்செயலி அதே அனுமதிப் பெட்டியை மீண்டும் காட்ட இயலாது. ஆகவே பலர் முதலில் தமது சொந்தப் பெட்டியொன்றைக் காட்டுகிறார்கள். அதில் ‘சரி’, ‘பிறகு’ என இரண்டே பதில்கள். ‘வேண்டாம்’ என்பதற்கு இடமில்லை. ‘பிறகு’ என்றவரிடம் நாளையும் கேட்கலாம் அல்லவா? அன்ட்ரொயிட்டிலோ, 2022இல் 13ஆம் பதிப்பு வரும்வரை, முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே இருக்கவில்லை.

செயலியின் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு வட்டம் இதனினும் பொல்லாதது. அதிலுள்ள எண்ணைத் தீர்மானிப்பது அச்செயலியே. எவரும் எமக்கு எழுதாதபோதும் அங்கே ‘3’ என்று காட்டலாம். தொழில்நுட்பம் அதைத் தடுப்பதில்லை. வாங்காத கடனுக்கு வட்டி கேட்கும் வேலை இது.

மாற்று வழி இல்லையென்று கூற முடியாது. 2017இல் வந்த அன்ட்ரொயிட் 8 முதல், அறிவித்தல்களை வகைபிரித்து வழங்கவும், வேண்டாத வகையை மட்டும் நாம் நிறுத்தவும் வசதி உண்டு. விளம்பர அறிவித்தலுக்கு வெளிப்படையான சம்மதம் பெறவேண்டும் என்று அப்பிளின் விதிகளும் கூறுகின்றன. இருந்தும் விளம்பரத்தையும் அவசியத் தகவலையும் ஒரே மூட்டையாகக் கட்டுவோர் உள்ளனர். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும் என்பதே அவர்களின் பலம்.

எனது தொழிலும் குற்றத்திலிருந்து தப்பவில்லை. விசேட பதிப்பொன்றை அச்சிட ஆசிரியபீடம் எத்தனை முறை யோசித்தது! இன்று நடிகையின் திருமணத்துக்கும் மணியடிக்கிறோம்.

கோரிக்கை பெரிதல்ல. எதற்காக என்பதைச் சொல்லி, தேவை எழும் வேளையில் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அதையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் எந்நேரமும் கூவிக்கொண்டிருந்தால், சாவீட்டுச் செய்தி எவர் காதில் விழும்?