கைராசி என்று ஒன்று கிடையாது

‘நமக்குக் கைராசி இல்லீங்க. எந்தச் செடி வெச்சாலும் ஒரு மாசத்துல போயிடுது.’

மாடித்தோட்டம் பற்றிப் பேச்சை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்லும்போது முகத்தில் ஒரு சோகம். சோகத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதி. பழி ராசி மேல் போய்விட்டதல்லவா!

செடிக்கு உங்கள் ஜாதகம் தெரியாது சார். அதற்குத் தெரிந்தது வெயில், தண்ணீர், காற்று, மண், பூச்சி. உங்கள் வீட்டில் செத்துப்போன செடிகள் எல்லாமே அநேகமாக இவற்றில் ஏதோ ஒன்றால்தான் செத்திருக்கும். வாருங்கள், ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதல் குற்றவாளி தண்ணீர். குறைவாக ஊற்றுவதைவிட அதிகமாக ஊற்றித்தான் புதியவர்கள் செடியைக் கொல்கிறார்கள். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடைவெளியில் இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, போகிறபோது வருகிறபோது பாசத்தோடு இன்னொரு சொம்பு என்று ஊற்றினால், காற்று இருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வேர் அழுகும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். வாடின இலையைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? ‘ஐயோ, தாகம்’ என்று இன்னும் ஒரு சொம்பு!

தென்னை நார்க் கழிவு கலந்த தொட்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மேலே காய்ந்து வெளுத்திருக்கும். உள்ளே பிழிந்தால் சொட்டும். கண்ணை நம்பாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா, அது அடைத்துக்கொள்ளவில்லையா என்றும் பாருங்கள். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த ஊர் சென்னை. இங்கே செடியைக் கொல்வதற்காகத் தண்ணீர் செலவழிப்பது இரட்டைப் பாவம்.

இரண்டாவது, வெயில். நாம் முதலில் செடியை வாங்குகிறோம். அப்புறம்தான் அதை எங்கே வைப்பது என்று தேடுகிறோம். தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றுக்கும் தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் தக்காளி வைத்துவிட்டு, காய்க்கவில்லை என்று அதைத் திட்டுவது என்ன நியாயம்? கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலும் பால்கனியிலும் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பாருங்கள். செலவு ஒரு பைசா கிடையாது. வெயில் குறைவா? புதினா, கொத்தமல்லி போடுங்கள். அவை கொஞ்ச வெயிலிலேயே பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, அவசரம். விதைப் பாக்கெட்டின் மேல் இருக்கிற படத்தைப் பார்த்து மயங்கி, சித்திரை வெயிலில் சென்னை மொட்டை மாடியில் காலிஃபிளவர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொன்னவர்கள் பொழுது போகாமல் சொல்லவில்லை. வெயில் தணிந்து மழை வருகிற நேரம் அது. ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு முளைக்கீரை. விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. சுமார் இருபத்தைந்து நாளில் கூட்டு வைத்துவிடலாம். முதல் மாதமே ஒரு வெற்றி கிடைத்தால், அப்புறம் தக்காளியோடு மல்லுக்கட்ட தைரியம் வரும்.

நான்காவதுதான் உச்சக்கட்ட வேடிக்கை. பூசணி, பாகல், சுரை, பீர்க்கு எல்லாம் நிறையப் பூக்கும், அத்தனையும் கொட்டிவிடும். உடனே ‘யாரோ கண்ணு வெச்சுட்டாங்க’ என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். அட, கொட்டுவது ஆண் பூ! இந்தக் கொடிகளில் பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும். வேலை முடிந்தால் உதிரும். பெண் பூவின் கீழே குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும். அதுவும் வெம்பி விழுகிறது என்றால், மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். நாலாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால் அந்த வேலையை நீங்கள்தான் செய்யவேண்டும். ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்பவை, அவற்றுக்கு அப்போது. மிளகாயைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சாதாரணமான காரணங்கள் இருக்கும்போது ‘கைராசி’ ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? அதில் சிலருக்கு லாபம் இருக்கிறது. ராசி இல்லாதவர்தான் செத்த செடிக்குப் பதில் இன்னொரு செடி வாங்குவார். பெயர் தெரியாத டானிக்கைக் கலக்கி ஊற்றுவார். வேர் அழுகிக்கொண்டிருக்கிற செடிக்கு உரம் போடுவது, ஐ.சி.யூ.வில் இருப்பவருக்குப் பிரியாணி ஊட்டுவது மாதிரி.

டானிக் செலவையாவது விட்டுவிடலாம். கைராசி என்கிற இந்த வார்த்தை வீட்டுக்குள் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். ‘அந்த மூணு நாள்ல துளசியைத் தொடாதே, பட்டுப்போயிடும்.’ ‘அவ கை பட்டா கறிவேப்பிலை தழையாது.’ புருஷனை இழந்த பெண்ணை விதை போடக் கூப்பிடாத வீடுகளும் உண்டு. செடி செத்ததற்குக்கூட ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிற சாமர்த்தியம் நமக்குத்தான் வரும். நாம் தினம் சாப்பிடுகிற சோற்றுக்கு, முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்கள் காலங்காலமாகப் பெண்கள்தான். அவர்களிடம் மாதத்தில் மூன்று நாள் கணக்குப் பார்த்திருந்தால் நடவு முடிந்திருக்குமா? வயலில் பலிக்காத தீட்டு, பத்து அங்குலத் தொட்டியில் மட்டும் பலிக்குமா?

அதனால், அடுத்த தடவை ஒரு செடி செத்தால் பெருமூச்சு விட்டுத் தூக்கி எறியாதீர்கள். பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால், தண்ணீர் அதிகம். மண் உள்ளேயும் புழுதியாகக் காய்ந்திருந்தால், தண்ணீர் போதவில்லை. வேர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருந்தால், தொட்டி சின்னது. தண்டின் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால், மாவுப்பூச்சி. முதலில் தெரியும்போதே ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்திருந்தால் பிழைத்திருக்கும்.

பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாலு செடி செத்த பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், அதில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்கும், பூச்சி இருக்கும். யாருடைய கையும் இருக்காது.