மீண்டும் வரையப்பட்ட சுவர்

கே.ஜி.சுப்ரமணியனைத் தமிழராகக் கொள்வதா, மலையாளியாகக் கொள்வதா என்று ஆய்வு மாணவர் குழு ஒன்றில் சில நாள்களாக விவாதம் நடக்கிறது. 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சாந்திநிகேதனிலும் பரோடாவிலும் மாணவர்கள் அவரை ‘மணிதா’ என்றே அழைத்தனர். வங்காளத்தில் ‘தா’ என்பது அண்ணனைக் குறிக்கும் ஒட்டு. இங்கே டாலிகஞ்சில் என் அண்டை வீட்டாரிடம் நாள்தோறும் கேட்பது. அவர் எந்த இனத்தவர் என்பதைவிட, அவரது சுவரோவியங்கள் எழுப்பும் வேறொரு வினாவே மொழியியல் பயின்ற என்னை உறுத்துகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றபோது 1942 போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். வினோத் பிஹாரி முகர்ஜி 1946-47இல் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வைத் தீட்டியபோது உடன் உழைத்த மாணவர்களுள் இவரும் ஒருவர். ஈரச் சுண்ணச் சாந்தின்மேல், அது உலர்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய முறை அது. ஆசிரியருக்கோ பிறவியிலேயே பார்வைக் குறை. எனினும், முன்வரைவைச் சுவரில் படியெடுக்காமல் நேரடியாகவே தீட்டினார். சுவரோவியம் என்பது பெரிதாக்கப்பட்ட படமன்று, ஓரிடத்தில் நிகழும் பேச்சு என்பதை மணிதா அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1963இல் லக்னோ இரவீந்திராலயத்தின் வெளிச்சுவரில், தாகூரின் ‘ராஜா’ நாடகத்தை அடியொற்றி, 81 அடி நீளமும் 9 அடி உயரமும் கொண்ட சுடுமண் சுவரோவியத்தை அமைத்தார். வெயிலையும் மழையையும் எதிர்பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் சுடுமண். இதற்கு மாறானது, கலாபவனக் கட்டடம் ஒன்றில் 1990இல் அவர் தீட்டிய கறுப்பு-வெள்ளைச் சுவரோவியம். அது மங்கியபோது, 2009இல், தம் 85ஆம் வயதில், பழைய உருவங்களுக்கு உயிரூட்டாமல் புதியவற்றை வரைந்தார்.

இதை இழப்பென்று வருந்துவோர் உண்டு. அவர்களின் அச்சம் எனக்குப் புரியாததன்று. நான் வாழும் இதே தீவுகளில், அதே சுவர் மீண்டும் வரையப்பட்ட காலத்தையொட்டி, 2010 சனவரியில், போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் மறைந்தார். அவரும் ஏறத்தாழ மணிதாவின் வயதினரே. அன்விதா அப்பி செய்த பதிவுகள் இல்லையென்றால் அம்மொழியில் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது மிகக் குறைவு. ஆகவே ஆவணத்தை இகழ எனக்கு உரிமையில்லை. ஆனால் அப்பதிவுகளை எத்தனை முறை கேட்டாலும் அவற்றில் புதிய வாக்கியம் ஒன்றுகூடப் பிறக்காது. மணிதா 2009இல் செய்தது, பேசத் தெரிந்தவர் மேலும் பேசியது. பழைய சுவரை அப்படியே காத்திருந்தால் நமக்கு 1990ஆம் ஆண்டின் பதிவு ஒன்று மிஞ்சியிருக்கும்; அவ்வளவுதான்.

2016இல் அவர் மறைந்தார். 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி அச்சுவர் மங்கும்போது என்ன செய்வது? பாரம்பரியம் என்ற சொல் வந்தவுடன் நம் கை தானாகவே ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிவிடுகிறது. லக்னோச் சுவருக்கு அது சரி; அங்கு ஓர் ஓடு பெயர்ந்தாலும் அதே ஓட்டைப் போலச் செய்து பொருத்தத்தான் வேண்டும். கலாபவனச் சுவரை அவ்விதியில் அடைப்பது, அதை வரைந்தவரே மறுத்த ஒன்றை அவர் பெயரால் செய்வதாகும். ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து வைத்துவிட்டு, உரிய காலத்தில் அங்கே பயிலும் மாணவர்களிடம் தூரிகையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அவர்கள் வரைவது மணிதாவினுடையதைவிடத் தாழ்ந்ததாக இருக்கக்கூடும். அவரும் ஒருகாலத்தில் ஆசிரியர் ஒருவரின் சுவரருகே உதவிக்கு நின்ற மாணவர்தாம்.

கலை வரலாறு பயில்வோரும், பாதுகாப்புத் துறையில் பணிபுரிவோரும் இதனை மறுக்கக் கூடும். சுவரை அண்மையில் நேரில் கண்டவர்கள் அது இப்போது எந்நிலையில் உள்ளது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்று.