கொடையா, உரிமையா?

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்து வீதியொன்றின் ஓரத்தில் நின்று பார்ப்போருக்கு, இந்நகரம் எவருடைய கால்களால் இயங்குகின்றது என்பது நன்கு விளங்கும். மரக்கறி மூட்டையைப் பின்னே கட்டிச் சந்தைக்கு விரையும் விவசாயி, மீன்பெட்டியோடு ஒழுங்கைகளுக்குள் நுழையும் வியாபாரி, சீமெந்து படிந்த உடையுடன் வேலைத்தலம் செல்லும் மேசன், புடைவைக் கடையில் நாள் முழுவதும் நின்று உழைக்கப்போகும் இளம்பெண், வெள்ளைச் சீருடை அணிந்த எமது மாணவர் என எத்தனையோ பேர் துவிச்சக்கர வண்டியிலேயே வருகின்றனர். வீதியில் அவர்களுக்குள்ள இடமோ, தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஒரு சாண் விளிம்பு மட்டுமே. பின்னால் பேருந்து ஒலியெழுப்பினால் அதுவும் அவர்களுக்கு இல்லை.

இந்நிலையை மாற்றுதற்குப் பொதுப்பணத்தைக் கேட்க வேண்டும் என்று நாம் கூறும்போது நண்பர்கள் சிலர் புன்னகைக்கின்றனர். "நாட்டில் எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்கையில் சைக்கிளுக்கு ஓர் இயக்கமா?" என வினவுகின்றனர். முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் அவர்களுள் உளர். உழைப்பவர் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் வழி சிறு பிரச்சினையெனில், பெரும் பிரச்சினை எதுவென அவர்களே சொல்லட்டும்.

வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருள் மறுக்கப்பட்ட குடாநாட்டைச் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. நோயாளியும் அதிலேயே சென்றார். விறகும் நெல்லும் அதிலேயே சென்றன. மின்சாரமற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டோம். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அந்த அனுபவத்தைப் பெற்றது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தபோது, கொழும்பின் உத்தியோகத்தரும் சைக்கிள் தேடி அலைந்தனர். நெருக்கடி தளர்ந்தது; 2020 இல் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது; சைக்கிள் மறக்கப்பட்டது. பஞ்சத்தில் தோழன், வளத்தில் இடைஞ்சல்! இதுவே எமது திட்டமிடலாளரின் நன்றியறிதல்.

அரசு துவிச்சக்கர வண்டியை அறியாதது அன்று. வரி விதிக்கும்போது நன்றாகவே அறிந்திருக்கின்றது. வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான வரி பற்றிப் பிரதேச சபைகள் வர்த்தமானியில் வெளியிட்டு வந்த அறிவித்தல்களைப் படித்துப் பாருங்கள். வணிகத்துக்குப் பயன்படும் துவிச்சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 18 ரூபா. பிற தேவைக்கு 4 ரூபா. தொகை அற்பமே. ஆயினும் வாங்குதற்கு ஒரு விதியை எழுதத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தற்கு ஒரு விதியை எழுதத் தெரியவில்லை.

எம்முள் சிலர், பாடசாலையொன்றின் முன்னால் துவிச்சக்கர வண்டிகளுக்குத் தனித்தடம் அமைக்கும் கோரிக்கையுடன் அலுவலகம் ஒன்றுக்குச் சென்றோம். "எந்தத் தலைப்பின் கீழ்ப் பணம் கேட்கின்றீர்கள்?" என்பதே முதற் கேள்வி. இரண்டாவதாக, வீதி தம்முடையது அன்று என்றனர். அதில் ஓர் உண்மை உண்டு. இந்நாட்டில் 'ஏ', 'பி' தர வீதிகள் மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. 'சி', 'டி' தரத்தன மாகாணத்துக்குரியவை. ஏனைய சிறு வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களுக்குரியவை. வீட்டு ஒழுங்கையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை செல்லும் ஒரு சிறுமி, அரைமணி நேரத்துள் மூன்று ஆட்சிகளைக் கடக்கின்றாள். மூவரும் அவளை அடுத்தவரிடம் அனுப்புகின்றனர். வீதிக்கு மூன்று உடைமையாளர். அவளுக்கோ ஒருவரும் இல்லை.

இனி 'கொடை' என்னும் சொல்லுக்கு வருவோம். இத்தகைய ஒதுக்கீட்டை மானியம், நன்கொடை, கொடை என்றெல்லாம் அழைக்கின்றனர். தமிழ் படித்த எமக்குக் கொடை என்றதும் முல்லைக்குத் தேரீந்த பாரி நினைவுக்கு வருகின்றான். பாரி ஈந்தது தன்னுடைய தேரை. திறைசேரியில் உள்ள பணம் எந்த அமைச்சரின் தேர்? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது. சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் அதனைச் செலுத்துகின்றார். தம் பணத்தில் ஒரு பகுதியைத் தமக்கே திருப்பிக் கேட்பவர் இரவலர் அல்லர். பொதுப்பணம் தேடுவோர் முதலிற் களைய வேண்டியது இந்த இரவலர் மனப்பான்மையையே.

"ஐரோப்பாவுக்கு அது பொருந்தும், எமக்குப் பொருந்தாது" என்பார் உளர். ஐரோப்பாவிலும் அது வானத்திலிருந்து விழவில்லை. 1971 இல் ஒல்லாந்து தேசத்து வீதிகளில் மாண்டோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் கண்டு மக்கள் தெருவை மறித்தனர். 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பின்னரே, 1970களின் நடுப்பகுதியில், ஹேக், தில்புர்க் ஆகிய நகரங்களில் மாதிரித் தடங்கள் அமைக்க மத்திய அரசு பணம் தந்தது. ஆயின் அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஒற்றைத் தடம், அது எவ்வளவு அழகாயினும், எதிர்பார்த்த அளவுக்குச் சைக்கிளோட்டிகளைப் பெருக்கவில்லை. எமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் எந்நகரின் பெயரை இட்டனரோ, அந்த டெல்ப்ற் நகரில் 1980களில் வீடு, பள்ளி, தொழிலகம் யாவற்றையும் இணைக்கும் முழு வலையமைப்பை அரச பணத்துடன் அமைத்தபோதே பயன் தெளிவாகத் தெரிந்தது.

ஆதலால் எமக்கு வேண்டியது கடற்கரையோரத்தில் உலாவருவோருக்கு ஒரு வண்ணத்தடமும், நாடா வெட்டும் விழாவும் அன்று. ஒருநாட் சைக்கிள் பவனிக்கு அச்சிட்ட மேற்சட்டைகளும் அன்று. அவற்றுக்கு நிதி தருவோர் எளிதிற் கிடைப்பர். அவை எவருடைய இடத்தையும் பறிப்பதில்லை, எவருக்கும் இடத்தைத் தருவதுமில்லை. எமது கோரிக்கைகள் மூன்று. உள்ளூராட்சி மன்றத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே துவிச்சக்கர வண்டிக்கெனத் தனித்தலைப்பு ஒன்று இடம்பெற வேண்டும். நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மாகாணங்களுக்கு வரும் அபிவிருத்திப் பணத்தில் அதற்குரிய பங்கு குறிக்கப்பட வேண்டும். எத்தர வீதியாயினும், அதனைப் புதுப்பிக்கும் மதிப்பீட்டிலேயே துவிச்சக்கர வண்டித் தடத்தின் செலவும் சேர்க்கப்பட வேண்டும்.

2023 மார்ச்சு முதல் மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்த மன்றங்களுக்கு 2025 மே மாதத்தில் உறுப்பினர் தெரிவாகினர். வாக்குக் கேட்டு எமது ஒழுங்கைக்கு வந்தோருக்கு வழி தெரியும். ஆசிரியர் தோழர்களே, மாணவர்களே! ஒரு காலை வேளையில் உங்கள் பாடசாலை வாசலில் நின்று வரும் சைக்கிள்களை எண்ணுங்கள். அவை கடக்கும் வீதிகளின் தரத்தையும், அபாயமான சந்திகளையும் படமாக வரையுங்கள். வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முன்னரே, பெற்றோரையும் சந்தைத் தொழிலாளரையும் உடனழைத்துக்கொண்டு அக்கணக்கை மன்றத்தின் மேசையில் வையுங்கள். "எந்தத் தலைப்பின் கீழ்?" என்று மீண்டும் கேட்கக்கூடும். அத்தலைப்பை எழுதுவிக்கவே வந்தோம் என்று கூறுவோம்.