வீமனுக்கு ஒரு பத்தியம்

நாயின் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது என்று எமது ஊர்களிலே முதியோர் சொல்வதுண்டு. நல்லதைத் தாங்கமாட்டாத மனிதரை இகழ்வதற்கே அப்பழமொழியை எடுத்தாள்வர். ஆயினும் அதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையென்று கொள்ளவேண்டிய காலம் ஒன்று சென்ற ஆண்டு எமது வீட்டுக்கு வந்தது. நாய் வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படுமென்று கருதி அந்த அனுபவத்தை இவ்வாரம் எழுதுகின்றோம்.

வீமன் எமது வீட்டு நாய். உயர்ந்த சாதி என்று சொல்வதற்கில்லை. மழைநாள் ஒன்றிலே படலைக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்ற குட்டியை எமது இளைய மகன் தூக்கி வந்தான். தின்பதிலே அது காட்டிய வல்லமையைக் கண்டு எமது அன்னையார் அப்பெயரை இட்டார். மூன்று வயதில் 16 கிலோ எடையோடு நிமிர்ந்து நின்ற வீமன், இரண்டு மாத வயிற்றோட்டத்தினால் 13 கிலோவுக்கு இறங்கிவிட்டான். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. காலைதோறும் விறாந்தையைக் கழுவுவது வீட்டாருக்குப் பெருந்தொல்லையாயிற்று.

"சந்தையடியிலே கொண்டுபோய் விட்டால் மீன்தலையைத் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று வீட்டிலே ஒருவர் சொன்னார். சொன்னவர் யாரென்று எழுதாமல் விடுகின்றோம். நாமேதான் என்று வாசகர்கள் ஊகித்தாற் பிழையில்லை. அன்றிரவு இளைய மகன் சோற்றைத் தொடவில்லை. மறுநாட் காலை வீமனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் சென்றோம்.

வைத்தியர் முதலில் மலத்தைச் சோதித்தார். கொழுக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. அதற்குரிய மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரங்களின் பின் மீண்டும் ஒருமுறை கொடுக்கச் செய்தார். புழு ஒழிந்தது, வயிற்றோட்டம் ஒழியவில்லை. அதன் பின்னரே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இது என்ன சாப்பிடுகிறது?"

"சோறும் இறைச்சியும்" என்றோம். வைத்தியர் சிரித்தார். ஒரு தாளை எடுத்துத் தந்து, வீட்டில் யார் கொடுத்தாலும் சரி, ஏழு நாட்களுக்கு அதன் வாய்க்குட் போவது யாவற்றையும் ஒளிக்காமல் எழுதி வரும்படி பணித்தார்.

அந்தத் தாள் எமக்கு ஒரு கண்ணாடியாயிற்று. ஏழு நாட்களில் 19 வகையான உணவுகள்! காலையில் எமது துணைவியார் இட்ட பழஞ்சோறும் முதல்நாட் கறியும்; அக்கறியிலே மிளகாய்த் தூள், தேங்காய்ப்பால், வெங்காயம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகன் கொடுத்த விசுக்கோத்து. மாலையில் அன்னையார் தாம் அருந்தும் பாலிற் பாதி, சீனியோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் போட்ட ஆட்டுக்கொழுப்பும் எலும்பும். ஒவ்வொருவரும் அன்பினாலேயே கொடுத்தோம். எல்லாருடைய அன்பும் சேர்ந்து ஓர் ஏழை வயிற்றிற் கலகம் விளைவித்தது என்பதை எவரும் அறியவில்லை.

இங்கே சில உண்மைகளை மாணவர்களும் அறிந்துகொள்வது நன்று. நாய்க்குச் சோறு ஆகாது, இறைச்சி மாத்திரமே அதற்குரியது என்று சிலர் வாதிப்பர். ஓநாயோடு ஒப்பிடும்போது, மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகின் பிரதிகள் நாயிடம் பன்மடங்காக உள்ளன என்பதைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதனோடு கூடி வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளில் நாயின் குடலும் மனிதனின் உணவுக்குப் பழகிக்கொண்டது. எனவே நன்றாக வெந்த சோறு நாய்க்குப் பகையன்று.

பாலின் கதை வேறு. பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லத்தைப் பிரிக்கும் நொதியம் குட்டிப் பருவத்தில் நிறைய இருக்கும். வளர வளரக் குறைந்துவிடும். பிரிக்கப்படாத வெல்லம் பெருங்குடலை அடைந்து, அங்கே நீரை இழுத்து, நுண்ணுயிர்களாற் புளித்து, வாயுவையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். மிகுந்த கொழுப்போ சதையியை அழற்சியடையச் செய்து சில நாய்களின் உயிருக்கே உலை வைக்கும். பழமொழி சொன்ன நெய்ச்சோற்றின் குற்றம் இதுவே. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. முந்திரிகைப் பழம், உலர்ந்த முந்திரிகை வற்றல், சொக்கிலேற்று, சீனிக்குப் பதிலாகச் சில இனிப்புகளிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்பனவும் நஞ்சே. வெந்த கோழியெலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கவுங் கூடும்.

வைத்தியர் எழுதித் தந்த பத்தியம் மிக எளிது. வெள்ளைப் பச்சையரிசியை வழக்கத்திலும் கூடிய நீர்விட்டுக் குழையக் காய்ச்ச வேண்டும். தோலும் கொழுப்பும் எலும்பும் நீக்கிய கோழியிறைச்சியை வெறும் நீரில் அவித்து நார்நாராகப் பிய்க்க வேண்டும். சோறு இரண்டு பங்கு, இறைச்சி ஒரு பங்கு. உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவுமே கூடாது. நாளுக்கு நான்கு வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். சுத்தமான நீர் எந்நேரமும் அருகில் இருக்க வேண்டும். முற்காலத்திலே நாயை ஒருநாள் முழுவதும் பட்டினி போடச் சொல்வார்கள். இப்பொழுது நெடும்பட்டினியை வைத்தியர்கள் விரும்புவதில்லை. குடலின் உட்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் உணவு வேண்டும். குட்டிகளைப் பட்டினி போடுதல் ஒருபோதும் தகாது.

சமையல் எளிதாயிற்று, அதை நிறைவேற்றுவதுதான் அரிதாயிற்று. வீமனுக்கு இனி எவரும் எதுவும் கொடுக்கலாகாது என்று நாம் வீட்டிலே கட்டளையிட்டபோது, அன்னையார் பாற்குவளையைக் கீழே வைத்துவிட்டார். "வாசலிலே இருந்து பார்க்கிற சீவனுக்குக் கொடுக்காமல் எனக்கு எப்படித் தொண்டையாலே இறங்கும்?" என்றார். எண்பது வயதை நெருங்கியவர். மாலையில் எல்லாரும் தத்தம் அலுவலில் மூழ்கியிருக்க, அவரோடு இருந்து பால் அருந்தும் ஒரே துணை அந்த நாய்தான் என்பது அப்பொழுதே எமக்கு உறைத்தது. நாயைக் காப்பாற்றப் போய்த் தாயின் மனத்தை நோகச் செய்துவிட்டோமே என்று வருந்தினோம்.

வழியைச் சொன்னவன் இளைய மகன். "அப்பாச்சியே வீமனுக்குச் சாப்பாடு கொடுக்கட்டும்; வேறு ஒருவரும் கொடுக்கவேண்டாம்" என்றான். அன்று முதல் வீமனின் கோப்பை அன்னையாரின் பொறுப்பாயிற்று. சுவரிலே தொங்கிய கலண்டரில் அவர் பென்சிலால் நாளுக்கொரு குறி இட்டார். மலம் இறுகியிருந்தால் வட்டம், இளகியிருந்தால் புள்ளடி. ஒரு கை, ஒரு கோப்பை, ஒரு கணக்கு. வயிற்று நோயுள்ள நாய்க்கு உணவு தெரிவதன் முழு இரகசியமும் இம்மூன்றிலும் அடங்கும் என்று இன்று துணிந்து சொல்வோம்.

நாலாம் நாள் முதல் வட்டம் விழுந்தது. இரண்டாம் வாரம் முடியும்போது புள்ளடியே இல்லை. குணமாகிவிட்டது என்று நாம் மகிழ, வைத்தியர் மறுத்தார். எது கெடுத்தது என்று அறியாவிட்டால் நோய் மீண்டும் வரும். ஆகவே பழைய உணவுகளை ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்றாக, சிறிதளவிற் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். முதல் வாரம் அவித்த முட்டை: வட்டம். இரண்டாம் வாரம் பாண்: வட்டம். மூன்றாம் வாரம் பால்: இரண்டாம் நாளே புள்ளடி; மூன்றாம் நாள் இரண்டு புள்ளடி.

அப்புள்ளடிகளைத் தம் கையாலேயே இட்டவர் அன்னையார். சற்றுநேரம் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கொடுத்ததுதானா?" என்று மாத்திரம் கேட்டார். நாம் மறுமொழி சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பால் நின்றது. நாம் போட்டுவந்த ஆட்டுக்கொழுப்பைப் பரீட்சித்துப் பார்க்கவே வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிட்டபடியால், எமது குற்றம் விசாரணையின்றியே தீர்ப்புப் பெற்றது.

இனி, இத்தகைய பத்தியச் சோற்றையே ஆயுள் முழுவதும் கொடுக்கலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கூடாது. சோறும் கோழியிறைச்சியும் நோயைத் தணிக்கும். ஆனால் அவற்றிலே கல்சியமும் சில உயிர்ச்சத்துகளும் போதா. நாய்களுக்கென வெளியிடப்பட்ட 200 வீட்டுச் சமையற் குறிப்புகளை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மிருக வைத்தியர்கள் ஆராய்ந்து, அவற்றுள் 95 சதவீதமானவை அவசியமான ஒரு சத்திலேனும் குறைவுடையவை என்று 2013இல் அறிவித்தனர். எனவே வீட்டுச் சமையலை நீடிக்க விரும்புவோர் வைத்தியரிடம் கேட்டு, அதற்குரிய சத்துக் கலவையைச் சேர்த்தல் வேண்டும். கடையில் வாங்குவோர் பொதியின் முகப்பிலுள்ள படத்தைப் பாராது பின்புறத்தைப் படித்தல் வேண்டும். வளர்ந்த நாய்க்கு முழுமையான, சமநிலையான உணவு என்ற வாசகமும் கொழுப்பின் அளவும் அங்கேதான் இருக்கும். வீமனுக்குக் கொழுப்புக் குறைந்த உலருணவொன்றை வைத்தியர் தெரிந்தார். அதனை ஒரே நாளில் மாற்றவில்லை. முதலிரு நாட்கள் காற்பங்கு, அடுத்த இரு நாட்கள் அரைப்பங்கு, பின்னர் முக்காற்பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றினோம்.

எவ்வளவு கொடுப்பது? இக்கணக்கை எமது மகன் ஆர்வத்தோடு செய்தான். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்துக்கு மீண்டும் வர்க்கமூலம் கண்டு, வந்த எண்ணைக் கனமாக்கி, 70ஆற் பெருக்க வேண்டும். 16 கிலோவுக்கு அம்மூலம் 2. அதன் கனம் 8. 70ஆற் பெருக்க 560 கலோரி. இது சும்மா படுத்திருக்கும் நாய்க்குரியது. நலமடித்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு அதனை 1.6ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 900 கலோரி. இது தொடக்கக் கணக்கே. எடை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா நாய்க்கும் வீமனின் பத்தியம் பொருந்தாது. மலம் மிகுதியாகப் போய் உடல் மெலிந்தால் சிறுகுடலில் கோளாறு என்று ஐயுறலாம். எளிதிற் சமிபாடடையும் கொழுப்புக் குறைந்த உணவே அதற்கு ஏற்றது. சிறிது சிறிதாகப் பலமுறை முக்கி முக்கிச் சளியோடு கழித்தாற் பெருங்குடலில் கோளாறு இருக்கலாம். அவித்த பூசணிக்காய் போன்ற நார்ப்பொருள் அங்கே உதவும். அல்சேசன் இன நாயொன்று அளவின்றித் தின்றும் மெலிந்து, வெளிறிய எண்ணெய்ப் பசையான மலத்தைக் கழித்தால், சதையி நொதியத்தைச் சுரக்கவில்லையோ என்று சோதிக்க வேண்டும். நொதியத் தூளை உணவோடு கலந்து கொடுத்தால் அத்தகைய நாய்கள் நெடுநாள் வாழும். சில நாய்களுக்கு மாட்டிறைச்சி, பால், கோழியிறைச்சி, கோதுமை ஆகியவற்றின் புரதமே ஒவ்வாது. அவற்றுக்கு முன்பு உண்டறியாத இறைச்சியையோ, உடலின் காவற்படை அடையாளங் காணாதபடி புரதத்தைச் சிறு துண்டுகளாக்கிய மருத்துவ உணவையோ வைத்தியர் விதிப்பார்.

இன்னும் ஒன்று. குட்டிக்கு வயிற்றோட்டம் கண்டாலும், மலத்தில் மிகுந்த குருதி தெரிந்தாலும், குடித்த நீரும் சத்தியாக வெளிவந்தாலும், வயிறு உப்பினாலும், நாய் சோர்ந்து படுத்தாலும் அரிசி தேடிக்கொண்டிராமல் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். 1978இல் உலகுக்கு அறிமுகமான பார்வோ வைரசு குட்டிகளை ஓரிரு நாட்களிலேயே மாய்த்துவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. மனிதருக்குரிய வயிற்றோட்டக் குளிகைகளை நாமாகவே நாய்க்குக் கொடுத்தல் ஆபத்தானது.

இரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ், சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் நாய்களைக் கொண்டே நிகழ்ந்தது. நாம் உண்பது எவ்வாறு செரிக்கின்றது என்பதை மனிதனுக்குக் கற்பித்த விலங்கு அது. அதன் வயிறு நோகும்போது சந்தையடியை நினைப்பது நன்றியாகாது என்பதை நாம் பிந்தியே கற்றோம்.

நான்கு மாதங்களில் வீமன் தன் 16 கிலோவை மீட்டுக்கொண்டான். இப்பொழுதும் மாலையில் அன்னையார் பால் அருந்தும்போது வாசலில் வந்து அமர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவர் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு குடித்து முடிப்பார். பின்பு மெல்ல எழுந்து, அவித்த பூசணிக்காய்த் துண்டொன்றை அவன் கோப்பையில் இடுவார். அவன் அதனைத் தின்று முடிக்கும்வரை அருகிலேயே நிற்பார்.